ஆர்க்கிட்டும் ஸ்வீட் பீயும்: வேரையும் இரவையும் அறிந்து வளர்த்தல்

இந்த அத்தியாயத்தில் வரும் இரண்டு செடிகளுக்கும் தாவரவியலில் எந்த உறவும் இல்லை. ஆர்க்கிட் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு காற்றில் வேர் விடும். பல ஆண்டுகள் வாழும். ஸ்வீட் பீ பட்டாணிக் குடும்பத்துக் கொடி. விதைத்த ஐந்தாறு மாதத்தில் பூத்துக் காய்த்துப் போய்விடும். இரண்டையும் சேர்த்து எழுதக் காரணம், “இதெல்லாம் வீட்டில் வராது” என்று இரண்டைப் பற்றியும் சொல்லப்படுவதுதான்.

ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் பழகிய கை, அதே செம்மண், அதே தண்ணீர், அதே மாதக் கணக்கோடு இவற்றையும் வளர்க்கப் பார்க்கிறது. ஆர்க்கிட் வேர் அழுகிச் சாகிறது; ஸ்வீட் பீ வெயிலில் மஞ்சளித்துச் சாகிறது. வாங்கும் முன் இரண்டே கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். இந்தச் செடியின் வேருக்கு என்ன வேண்டும்? என் வீட்டில் இரவு எவ்வளவு குளிரும்? மற்ற எல்லாமே இந்த இரண்டு விடைகளிலிருந்து வருபவை.

முதலில் உங்கள் ஊர்

சென்னை, மதுரை, திருச்சி, நெல்லை போன்ற சமவெளி ஊர்களில் ஜனவரி இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். இங்கே வெப்பமண்டல ஆர்க்கிட் நன்றாக வரும். ஸ்வீட் பீ வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விதைக் காசும் மிச்சம்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் ஸ்வீட் பீக்கு ஏற்ற இடங்கள். பகல் 20 டிகிரியை ஒட்டியும் இரவு 10 டிகிரியை ஒட்டியும் இருந்தால் அந்தக் கொடிக்கு அதைவிட வேறெதுவும் தேவையில்லை. சமவெளி ஆர்க்கிட்டுகள் அங்கே குளிரில் சுருங்கும். மலை வீட்டுக்காரர்கள் சிம்பிடியம் என்ற இனத்தைக் கேட்டு வாங்கலாம். மழைக்காலம் முடிந்து இரவு 10 முதல் 13 டிகிரிக்கு இறங்கினால்தான் சிம்பிடியம் மொட்டுத்தண்டு விடும். சமவெளியில் அது இலையோடு நின்றுவிடுவதற்குக் காரணமும் அதுவே.

ஓசூர், பெங்களூர், ஏற்காடு போன்ற இடைப்பட்ட உயரங்களில் இரண்டையும் முயலலாம். ஆனால் ஸ்வீட் பீயைக் குளிர்மாதங்களுக்குள் முடித்துவிட வேண்டும். ஏற்காடு போகிறவர்கள் அங்குள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. மரத்தில் ஒட்டி வாழ்வது, பாறையில் வாழ்வது, தரையில் முளைப்பது எனப் பலவகை ஆர்க்கிட்டுகளை நேரில் பார்த்தால், எதற்கு எப்படிப்பட்ட இருப்பிடம் வேண்டும் என்பது மனதில் பதிந்துவிடும்.

## பகுதி 1: ஆர்க்கிட்

எதை வாங்குவது

*டென்ட்ரோபியம்.* சமவெளியில் தொடங்குகிறவருக்கு இதுதான். நிமிர்ந்த தண்டு, அதன் நுனியிலிருந்து வளைந்து நீளும் பூங்கொத்து. வெள்ளை, ஊதா, இரண்டும் கலந்தவை எளிதாகக் கிடைக்கும். வெப்பம் தாங்கும், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைகூடப் பூக்கும்.

*வாண்டா.* மரச்சட்டக் கூடையிலிருந்து நீளமான வேர்கள் தொங்க வளர்வது. பூ பெரிது, வேலையும் அதிகம். தினமும் நனைக்க நேரமிருந்தால் வாங்குங்கள். நிழலே இல்லாத மொட்டைமாடிக்காரர்களுக்கு ஒரு வழி உண்டு: பென்சில் போல உருண்ட இலை கொண்ட வகை முழு வெயிலில், கம்பத்தில் கட்டி வளர்க்கத் தக்கது. சிங்கப்பூர் 1981-இல் தேசிய மலராக அறிவித்த ‘வாண்டா மிஸ் ஜோவாகிம்’ இந்த வகைதான்.

*ஃபெலனாப்சிஸ்.* பரிசாக வரும் ஆர்க்கிட் பெரும்பாலும் இதுதான். ஒரு பூங்கொத்து இரண்டு மூன்று மாதம் வாடாது. ஆனால் மறுபடி பூக்க, சில வாரங்கள் பகல் வெப்பமும் 25 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். பெங்களூரில் இது தானாக நடக்கும். சென்னையில் மார்கழி, தை மாதங்களை நம்பித்தான் காத்திருக்க வேண்டும்.

பூவைப் பார்த்து வாங்காதீர்கள். தொட்டியைத் தூக்கி வேரைப் பாருங்கள். நல்ல வேர் கெட்டியாக இருக்கும். நுனி பச்சையாகவோ செம்பச்சையாகவோ இருக்கும். அழுத்தினால் நசுங்கிப் பழுப்புத் தண்ணீர் கசிந்தால் அந்தச் செடி வேண்டாம். டென்ட்ரோபியத்தில் குறைந்தது மூன்று தண்டுகளும் அடியில் ஒரு புதுமுளையும் இருக்கட்டும். கண்ணாடிக் குப்பியில் வரும் திசுவளர்ப்புக் கன்று மலிவுதான். ஆனால் பூக்க இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஆகும். முதல் செடிக்கு அது வேண்டாம்.

காட்டிலிருந்து பெயர்த்து வந்து மலைப்பாதை ஓரத்தில் விற்கும் ஆர்க்கிட்டை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். ஆர்க்கிட் விதை தூசு அளவே இருக்கும். முளைக்கத் தேவையான உணவு அதற்குள் இல்லை. காட்டில் குறிப்பிட்ட பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். அதனால் பிடுங்கிய இடத்தில் இன்னொன்று வர வெகுகாலம் பிடிக்கும். 1922-இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்க அறிவியலாளர் சர்க்கரை கலந்த கூழில் பூஞ்சையின் துணையில்லாமல் விதையை முளைக்கவைத்துக் காட்டினார். இன்று பண்ணைகளில் பெருவாரியாகச் செடிகள் கிடைப்பது அந்த வழியின் தொடர்ச்சி. பண்ணைச் செடி தாராளமாகக் கிடைக்கும்போது காட்டுச் செடிக்குத் தேவையே இல்லை. நீல வாண்டா போன்ற சில இனங்களை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் காக்கிறது. அவற்றைக் காட்டிலிருந்து எடுப்பது குற்றம்.

தொட்டியில் மண் கூடாது

மரத்தில் வாழும் ஆர்க்கிட்டின் வேரைச் சுற்றி, பஞ்சு போன்ற செத்த திசுக்களால் ஆன வெள்ளை உறை உண்டு. மழை பெய்ததும் அது தண்ணீரை உறிஞ்சிப் பச்சையாகும்; பிறகு காற்றில் காய்ந்து வெள்ளியாகும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால் வேர் பிழைக்கும். எப்போதும் ஈரமாக இருந்தால் காற்றில்லாமல் மூச்சு முட்டி அழுகும். ஆர்க்கிட் வளர்ப்பில் சொல்லப்படும் விதிகள் பெரும்பாலும் இந்த ஒரு செய்தியிலிருந்து வந்தவை.

தொட்டிக்கு வேண்டியவை:

- மரக்கரி, கட்டைவிரல் அளவுத் துண்டுகள்: இரண்டு பங்கு
- உடைந்த ஓடு அல்லது செங்கல் சில்லு: ஒரு பங்கு
- தேங்காய் மட்டைத் துண்டு: ஒரு பங்கு. மழை அதிகமான ஊரில் இதைக் குறையுங்கள்; காற்று வறண்ட ஊரில் கூட்டுங்கள்

மட்டையை ஒரு வாரம் தண்ணீரில் ஊறவையுங்கள். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பழுப்புச் சாயமும் உப்பும் இறங்கிய பிறகுதான் பயன்படுத்த வேண்டும். கரியைக் கழுவித் தூளை நீக்குங்கள். தூள் அடியில் படிந்து துளையை அடைக்கும். தேங்காய்நார்த்தூள், மண்புழு உரம், ஆற்று மணல் மூன்றையும் தொட்டியில் சேர்க்காதீர்கள். இவை ஈரத்தைப் பிடித்துவைத்து வேரைச் சாகடிக்கும்.

பக்கவாட்டில் துளையிட்ட மண்தொட்டி மிகவும் நல்லது. தொட்டி சிறியதாக இருக்கட்டும். செடியைச் சுற்றி இரண்டு விரல் இடம் போதும். நட்ட செடி ஆடக் கூடாது. ஆடும் செடியின் புதுவேர் நுனி கரியில் உரசி நின்றுவிடும். ஒரு குச்சியை ஊன்றித் தண்டைக் கட்டிவிடுங்கள். புதுவேர் கரியைப் பற்றியதும் கட்டை அவிழ்க்கலாம்.

கடையிலிருந்து வந்த ஃபெலனாப்சிஸ் பெரும்பாலும் பாசியில் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் அந்தப் பாசி நாள்கணக்கில் காயாது. பூ முடிந்ததும் பாசி முழுவதையும் நீக்கிவிட்டு, மேலே சொன்ன கலவைக்கு மாற்றுங்கள்.

வீட்டில் மாமரமோ சப்போட்டாவோ இருந்தால் தொட்டியே வேண்டாம். கிழக்குப் பக்கக் கிளையில், ஆள் உயரத்தில், செடியை நைலான் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். கோடை முடிந்து முதல் மழை தொடங்கும் நேரம் இதற்கு ஏற்றது. சில மாதங்களில் வேர் பட்டையைப் பற்றிக்கொள்ளும். பிறகு கயிற்றை அறுத்துவிடலாம். பட்டை உரியும் மரங்களில் கட்டாதீர்கள்.

வெளிச்சத்தை இலை சொல்லும்

டென்ட்ரோபியத்துக்கும் வாண்டாவுக்கும் 50 சதவீத ஷேட் நெட், ஃபெலனாப்சிஸுக்கு 75 சதவீதம். கிழக்கு பார்த்த பால்கனி என்றால் காலை ஒன்பதரை வரையிலான வெயில் நேராகப் படலாம். மேற்கு பார்த்த பால்கனிக்கு வலை கட்டாயம்.

எண்ணைவிட நம்பத் தக்கது இலையின் நிறம். கரும்பச்சை இலை பார்க்க அழகுதான். ஆனால் அது வெளிச்சம் போதாத செடி, பூக்காது. இளம்பச்சை இலைதான் சரியான அளவு. மஞ்சளும் சிவப்பும் ஏறினால் வெயில் அதிகம். வெளுத்துக் காய்ந்த திட்டு வெயில் சுட்ட காயம். அது ஆறாது, ஆனால் பரவவும் செய்யாது. இலையை வெட்ட வேண்டியதில்லை.

“இரண்டு வருடமாக இலைதான் விடுகிறது” என்ற புகாருக்குப் பத்தில் எட்டு வீட்டில் விடை வெளிச்சம்தான். உரத்தை மாற்றும் முன் செடியை ஜன்னலுக்கு அருகே நகர்த்திப் பாருங்கள்.

தண்ணீர்

“எத்தனை நாளுக்கு ஒருமுறை?” என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. வேர் வெள்ளியாக இருந்தால் ஊற்றுங்கள். பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். தொட்டியைத் தூக்கினால் எடையிலும் தெரியும். சென்னைச் சித்திரை மாதத்தில் கரித்தொட்டிக்குத் தினமும் தேவைப்படும், சில நாள் இருமுறைகூட. ஐப்பசியில் வாரம் முழுவதும் தேவைப்படாமல் போகலாம்.

காலையில் ஊற்றுங்கள், மாலைக்குள் இலை காய வேண்டும். தொட்டி அடியில் வழியும்வரை ஊற்றிவிட்டு, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். ஃபெலனாப்சிஸின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் குருத்து அழுகும். ஒரு காகிதத்தால் ஒற்றியெடுங்கள். தொங்கும் வாண்டாவின் வேர்க்கொத்தை வாளித் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் அமிழ்த்தி, பச்சையானதும் எடுத்துத் தொங்கவிடுங்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கரியிலும் வேர் நுனியிலும் வெள்ளைப் பூச்சு படியும், நுனி கருகும். மழைநீரைப் பிடித்துவைப்பதே நல்ல வழி. ஆர்.ஓ. இயந்திரத்தின் குடிநீரை ஊற்றலாம். கழிவுக் குழாயில் வருவது உப்பு செறிந்தது, அதை ஆர்க்கிட் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

உரம்

கரியிலும் ஓட்டிலும் சத்து எதுவும் இல்லை. அதனால் ஆர்க்கிட்டுக்கு உரம் அவசியம். ஆனால் சிறு அளவில், அடிக்கடி. தண்ணீரில் கரையும் 19:19:19 உரம் எல்லா உரக்கடையிலும் கிடைக்கும். லிட்டருக்கு அரை கிராம் கலந்து வாரம் ஒருமுறை, ஏற்கெனவே நனைந்த வேருக்குக் கொடுங்கள். காய்ந்த வேரில் உரம் பட்டால் சுடும். மாதம் ஒருமுறை உரமில்லாமல் வெறும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, படிந்த உப்பைக் கழுவிவிடுங்கள். மழைநீரோ ஆர்.ஓ. நீரோ மட்டும் ஊற்றுகிறவர்கள் மாதம் ஒருமுறை கால்சியம் நைட்ரேட்டை லிட்டருக்கு அரை கிராம் தனியாகக் கரைத்துக் கொடுக்க வேண்டும். அதை வேறு உரத்தோடு கலக்காதீர்கள், அடியில் படிந்துவிடும்.

சாணம், பிண்ணாக்கு, அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் மண்ணில் நிற்கும் செடிக்கு நல்லவை. கரியில் அவை புளித்து நத்தையையும் பூஞ்சணத்தையும் அழைத்துவரும்.

கத்திரியும் அடைமழையும்

சமவெளி ஆர்க்கிட்டுக்கு ஆண்டில் இரண்டு சோதனைகள். கத்திரி வெயிலில் இன்னொரு அடுக்கு வலை கட்டுங்கள். தரையில் தண்ணீர் தெளித்துக் காற்றை ஈரமாக்குங்கள். உச்சி வெயிலில் இலைமேல் ஊற்றாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் செடிகளைக் கூரைக்குக் கீழே நகர்த்துங்கள். ஒருநாள் மழை மருந்து. தொடர்ந்து நான்கு நாள் நனைந்தால் தண்டடி கறுத்து ஒழுகும் அழுகல் நோய் வரும். வந்தால் நெருப்பில் காட்டிய கத்தியால் நல்ல பகுதி தெரியும்வரை வெட்டுங்கள். வெட்டுவாயில் சமையலறைப் பட்டைத்தூளை அப்பி, ஒரு வாரம் நனைக்காமல் வையுங்கள். பட்டைத்தூள் வேரில் படக் கூடாது, வேரைக் காயவைத்துவிடும். தாமிரம் கலந்த பூஞ்சணக்கொல்லியை டென்ட்ரோபியத்தில் அடிக்காதீர்கள். இலையும் மொட்டும் கருகும்.

ஒரு செடியில் வைத்த கத்தியைச் சுத்தம் செய்யாமல் அடுத்த செடியில் வைக்க வேண்டாம். ஆர்க்கிட் வைரஸ் நோய்கள் பெரும்பாலும் இப்படித்தான் பரவுகின்றன. அவற்றுக்கு மருந்து கிடையாது.

பூத்து முடிந்த பிறகு

டென்ட்ரோபியத்தில் பூத்தண்டை மட்டும் வெட்டுங்கள். இலை உதிர்ந்த பழைய தண்டு பயனற்றது போலத் தெரியும். ஆனால் அதுதான் செடியின் சேமிப்பு. சில சமயம் அதிலிருந்தே மறுபடி பூ வரும். அதன் கணுவில் வேரோடு ஒரு குட்டிச் செடி முளைத்தால், வேர் இரண்டு அங்குலம் நீண்டதும் வெட்டித் தனியே நடலாம்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியை மாற்றுங்கள். மாதம் பார்க்க வேண்டாம். அடியில் புதுவேர் தலைகாட்டுவதே சரியான நேரம். பிரிப்பதாக இருந்தால் ஒரு பிரிவுக்கு மூன்று தண்டாவது இருக்கட்டும்.

## பகுதி 2: ஸ்வீட் பீ

பிறந்த ஊரை நினைவில் வையுங்கள்

ஸ்வீட் பீயின் தாயகம் சிசிலித் தீவும் தெற்கு இத்தாலியும். 1699-இல் சிசிலித் துறவி பிரான்செஸ்கோ குப்பானி இங்கிலாந்தின் என்ஃபீல்டில் இருந்த ராபர்ட் யூவ்டேல் என்ற ஆசிரியருக்கு விதை அனுப்பினார். அங்கிருந்து அது தோட்டப் பூவானது. அந்தத் தீவில் குளிர்காலத்தில் மழை பெய்யும். செடி குளிரில் வளர்ந்து, வெயில் ஏறியதும் காய்த்து மடியும். நம் மலைகளில் அதற்கு நிகரான காலத்தைத் தேடிப் பிடிப்பதே இந்தப் பகுதியின் வேலை. வெயில் 27, 28 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்தால் கொடி பூப்பதை நிறுத்திவிடும்.

மாதமும் விதை வகையும்

ஊட்டி, கொடைக்கானல்: டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை, உறைபனி படாத கண்ணாடி அறையிலோ வெளிச்சமுள்ள திண்ணையிலோ விதையுங்கள். பிப்ரவரியில் நடவு. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும், மலர்க்கண்காட்சி நடக்கும் நாள்களில், உங்கள் வேலியும் பூக்கும். ஜூன் மழை வலுக்கும் முன் பருவம் முடிந்துவிடும்.

ஓசூர், பெங்களூர்: செப்டம்பர் கடைசி, அக்டோபரில் விதைப்பு. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பூ.

இந்த இரண்டு காலங்களுக்கும் ஒரே விதைப் பொட்டலம் ஒத்துவராது. ஸ்வீட் பீ பகலின் நீளத்தைப் பார்த்துத்தான் பூக்கும். கோடை வகைகளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் பகல் வேண்டும். வசந்த வகைகளுக்கு 11 மணி, குளிர்கால வகைகளுக்கு 10 மணி நேரம் போதும். நம் பகுதியில் மார்கழிப் பகல் ஏறத்தாழ 11½ மணி. மார்ச் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு 12-ஐத் தாண்டும். ஆகவே பெங்களூர்க்காரர் குளிர்கால வகையோ வசந்த வகையோதான் வாங்க வேண்டும். ‘வின்டர் எலிகன்ஸ்’, ‘மேமத்’, ‘கத்பெர்ட்சன்’ என்ற பெயர்களைத் தேடலாம். ஊட்டியில் மே மாதப் பூவுக்கு ‘ஸ்பென்சர்’ வகைகளும் வரும். அலையலையான பெரிய இதழ்கள் கொண்ட இந்த வகைகளுக்கு மூலம், இங்கிலாந்தின் ஆல்த்தார்ப் மாளிகைத் தோட்டக்காரர் சைலஸ் கோலின் ‘கவுன்டெஸ் ஸ்பென்சர்’. வாசனைதான் முக்கியம் என்றால் ‘குப்பானி’ என்ற பெயரில் வரும் பழைய இருநிறப் பூவை நடுங்கள். பூ சிறிது, மணம் பெரிது.

மண் தயாரிப்பு

ஆர்க்கிட்டின் வேருக்குக் காற்று. ஸ்வீட் பீயின் வேருக்கு ஆழம். நடவுக்கு ஒரு மாதம் முன் ஒன்றரை அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் வாய்க்கால் வெட்டுங்கள். அடிமண்ணைக் கிளறி, நன்கு மக்கிய மாட்டெருவைக் கலந்து மூடுங்கள். மக்காத எரு வேண்டாம். கொடி இலையாகவே பெருகும்.

நீலகிரி மண் புளிப்பு மண். ஸ்வீட் பீக்கு அது ஒத்துவராது. பி.எச். அளவு 6.5-க்கும் 7.5-க்கும் நடுவே இருக்க வேண்டும். மலைக்காய்கறி விவசாயிகள் பயன்படுத்தும் டோலமைட்டைச் சதுர மீட்டருக்குக் கால் கிலோ அளவில், எரு இடுவதற்கு இரண்டு வாரம் முன்பே தூவிக் கிளறுங்கள்.

காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சு பாக்டீரியா பட்டாணிக்கும் ஸ்வீட் பீக்கும் ஒரே இனம். பக்கத்தில் பட்டாணி விளைந்த, நோயில்லாத பாத்தி இருந்தால், அங்கிருந்து இரண்டு கூடை மண்ணைக் கொண்டுவந்து வாய்க்காலில் கலந்துவிடுங்கள். இல்லையென்றால் பட்டாணிக்கான ரைசோபியம் பொட்டலம் வாங்கி விதையில் பிசறலாம். நைட்ரஜன் உரம் கொடுக்கத் தேவையில்லை. மொட்டு வரும் நேரத்தில் வாய்க்காலில் ஒரு கை சாம்பல் தூவினால் பொட்டாஷ் கிடைக்கும்.

விதைப்பு

1. கருத்துக் கெட்டியான விதைகளின் தோலை, முளைக்கண்ணுக்கு எதிர்ப்புறத்தில், நகவெட்டியால் மெல்லக் கீறுங்கள். பிறகு இரவு முழுவதும் தண்ணீரில் வையுங்கள். காலையில் உப்பியவற்றை உடனே விதையுங்கள். மேலும் ஊறினால் அழுகும்.
2. ஆணிவேர் நீளமானது, மடங்குவதை விரும்பாது. ஆறு அங்குல ஆழமுள்ள பையோ, செய்தித்தாளில் சுருட்டிய குழலோ, பாதியாக வெட்டி அடியில் துளையிட்ட தண்ணீர் பாட்டிலோ எடுத்துக்கொள்ளுங்கள்.
3. முக்கால் அங்குல ஆழத்தில் பைக்கு இரண்டு விதை. 15 முதல் 18 டிகிரியில் இரண்டு வாரத்துக்குள் முளைக்கும்.
4. எலிக்கு இந்த விதைமேல் ஆசை அதிகம். முளைக்கும்வரை கம்பிவலை போட்டு மூடுங்கள்.
5. மூன்றாவது இலைக்கணு வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளாத செடி ஒற்றைக் கொடியாக இளைத்து நிற்கும். கிள்ளினால் அடியிலிருந்து வலுவான கிளைகள் வரும்.

நடவும் பந்தலும்

பந்தலை முதலில் கட்டிவிட்டுப் பிறகு நடுங்கள். கொடி வந்தபின் குழி தோண்டினால் வேர் அறும். ஆறடி மூங்கில்களை நட்டு இடையே வலை கட்டுங்கள். கொடியின் பற்றுச்சுருள் மெலிந்தது. மூங்கிலின் பருமனை அதனால் பிடிக்க முடியாது. கயிறோ வலையோ இருந்தால்தான் ஏறும். செடிக்குச் செடி எட்டு அங்குலம். பையை வேர் கலையாமல் கிழித்து நடுங்கள். காகிதக் குழலை அப்படியே வைத்துவிடலாம்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மலையில் மழை குறைவு. வாரம் இருமுறை ஆழமாகப் பாய்ச்சுங்கள். தினமும் மேலாகத் தெளிப்பது வேரை மேலே இழுக்கும். காய்ந்த புல்லால் அடியை மூடினால் வேர் குளிர்ந்திருக்கும்.

கண்காட்சிக்கு நீண்ட காம்புப் பூ வேண்டுவோர் ஒரு செடிக்கு ஒரே கிளையை விட்டு, பக்கமுளைகளையும் பற்றுச்சுருள்களையும் கிள்ளி, கொடியைக் கம்பில் கட்டிக்கொண்டே போவார்கள். வீட்டுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

பறிக்கப் பறிக்கப் பூக்கும்

மொட்டு வந்தபின் மிக முக்கியமான வேலை பூப்பறிப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள், காம்பின் கடைசி மொட்டு விரியும் தறுவாயில், விரிந்த எல்லாவற்றையும் வெட்டுங்கள். ஒரு கொடியில் நான்கைந்து காய் பிடித்துவிட்டால் வந்த வேலை முடிந்ததென்று பூப்பது குறைந்துபோகும். “மூன்று வாரம் பூத்தது, நின்றுவிட்டது” என்றால் இலைக்குள் கையை விட்டுப் பாருங்கள், காய் ஒளிந்திருக்கும்.

விதை சேர்த்தல்

ஸ்வீட் பீ பூ விரிவதற்கு முன்பே தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும். அதனால் பக்கத்தில் எத்தனை நிறம் இருந்தாலும் கலப்பு அரிது. விதை எடுத்தால் அடுத்த ஆண்டும் அதே நிறம் வரும். பருவக் கடைசியில், நல்ல கொடி ஒன்றில் மட்டும் காயை விடுங்கள். நெற்று பழுப்பானதும், வெடிக்கும் முன் பறித்துக் காயவையுங்கள்.

எச்சரிக்கை: இந்த விதை பட்டாணி போலவே இருக்கும், ஆனால் நஞ்சு. கேசரிப் பருப்பின் பேரினத்தைச் சேர்ந்தது இது. காயையோ விதையையோ சமைக்கக் கூடாது. சமையலறையில் வைக்காதீர்கள், பெயரெழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பட்டாணிக்கொடியும் ஸ்வீட் பீயும் ஒரே பந்தலில் வேண்டாம்.

## செடி காட்டும் அறிகுறிகள்

ஆர்க்கிட்

- தண்டும் இலையும் சுருங்குகின்றன: தண்ணீர் குறைவு என்று அவசரப்படாமல் வேரைப் பாருங்கள். வேர் அழுகியிருந்தாலும் இதே அறிகுறிதான். அழுகலை வெட்டிப் புதுக்கரிக்கு மாற்றுங்கள்.
- மொட்டு விரியாமல் மஞ்சளாகி உதிர்கிறது: இடம் மாற்றியது, ஏ.சி. காற்று, பழக்கூடையின் அருகாமை ஆகியவற்றில் ஒன்று. பழுக்கும் பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு மொட்டை உதிர்க்கும்.
- இலையிடுக்கில் வெள்ளைப் பஞ்சு: மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் துடைத்து, வாரம் ஒருமுறை வேப்பெண்ணெயை லிட்டருக்கு 5 மில்லி, சில துளி சோப்புக் கரைசலோடு மாலையில் தெளியுங்கள்.
- வேர் நுனி கடிபட்டிருக்கிறது: நத்தை. இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதே சிறந்த மருந்து.

ஸ்வீட் பீ

- இளமொட்டு உதிர்கிறது: இரவு சட்டென்று குளிர்ந்தது, அல்லது தண்ணீர் அதிகம். நீரைக் குறைத்துப் பொறுத்திருங்கள், தானே சரியாகும்.
- இலையில் வெள்ளைப் பொடி: சாம்பல் நோய். நெருக்கத்தைக் குறைத்து, நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து வெயில் தணிந்த நேரத்தில் தெளியுங்கள்.
- நுனியில் அசுவினி: வேகமான தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். வைரஸைப் பரப்புவது இந்தப் பூச்சிதான். தேமல் விழுந்த கொடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள்.
- அடி மஞ்சளித்து வாடுகிறது: வேரழுகல். அடுத்த ஆண்டு அதே வாய்க்காலில் ஸ்வீட் பீயோ பட்டாணியோ வேண்டாம்.

## எதிலிருந்து தொடங்குவது

சமவெளியில் இருக்கிறீர்களா? பூக்கும் வயதுள்ள டென்ட்ரோபியம் இரண்டு, துளையிட்ட மண்தொட்டி இரண்டு, ஒரு பை கரி, நாலு மீட்டர் ஷேட் நெட், ஒரு பொட்டலம் 19:19:19. ஒரு முழு ஆண்டு, அதாவது ஒரு கத்திரியும் ஒரு அடைமழையும் இவற்றோடு கடந்த பிறகு வாண்டா வாங்குங்கள்.

மலையில் இருக்கிறீர்களா? பத்தடி நீள வாய்க்காலுக்குப் பதினைந்து செடி போதும். முப்பது விதை, ஒரு வலை, ஐந்து மூங்கில், இரண்டு கூடை எரு, தேவையான டோலமைட். நவம்பரிலேயே எல்லாவற்றையும் வாங்கி வையுங்கள். மண்ணை ஜனவரித் தொடக்கத்துக்குள் தயாராக்கிவிட்டால், பிப்ரவரியில் நாற்று நடத் தடை இருக்காது.